அக்காவுக்குக் கொடுத்த கீழாநெல்லி

அக்காவின் கண் மஞ்சளாக இருந்ததை முதலில் பார்த்தவள் நான்தான்.

அன்று சனிக்கிழமை. பள்ளிக்கூடம் இல்லை. கல்லிடைக்குறிச்சியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், கிணற்றை ஒட்டிய புதினாப் பாத்தியில் களை எடுத்துக்கொண்டிருந்தேன். தாளிக்கக் கறிவேப்பிலை ஒடிக்க அக்கா வந்தாள். கிளையைப் பிடித்து இழுக்க அவள் அண்ணாந்தபோது காலை வெயில் நேராக முகத்தில் விழுந்தது. வெள்ளை விழி வெள்ளையாக இல்லை.

"அக்கா, இங்கன திரும்பு. கண்ணைக் காட்டு."

"என்னட்டீ, கண்ணுல என்ன இருக்கு?"

கையைக் கழுவிவிட்டுப் போய் அவள் கீழிமையை இழுத்துப் பார்த்தேன். நகத்தைப் பார்த்தேன். உள்ளங்கையைப் பார்த்தேன். ஒன்றுக்கு எப்படிப் போகிறது என்று கேட்டேன்.

"கொஞ்ச நாளா மஞ்சளாத்தான் போகுது. வெயில் காலம்லா, சூடுன்னு நினைச்சேன்."

"சூடு இல்லக்கா. காமாலை."

அந்த நிமிஷம் எனக்கு என்ன தோன்றியது என்பதை மறைக்காமல் எழுதவேண்டும். பயம் வரவில்லை. ஊரில் எத்தனையோ பேருக்கு நான் கொடுத்த மருந்து இப்போது என் அக்காவுக்கே பயன்படப்போகிறது என்று நினைத்தேன். அதில் சிறு சந்தோஷம்கூட இருந்தது. கீழாநெல்லி இருக்கிற இடம் எனக்குத் தெரியும். மாட்டுக்கொட்டகை இருந்த இடத்தில், சுவரோரம், ஈரத்தில் கொத்துக்கொத்தாக நின்றது. கறிவேப்பிலையோடு அக்கா அடுப்படிக்குள் போவதற்குள் நான் ஒரு பிடி பிடுங்கிவிட்டேன்.

நான் பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அது ஏன் என்பது வேறு கதை. அக்காவுக்குக் கல்யாணமாகிப் பிள்ளை இல்லை. அத்தான் நாற்பத்திரண்டு வயதில் நெஞ்சு வலித்துப் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு அக்கா எங்கள் அப்பா விட்டுப்போன இந்த வீட்டுக்கே வந்துவிட்டாள். வெகுகாலம் சத்துணவு அமைப்பாளராக இருந்தாள். முந்நூறு பிள்ளைகளுக்குச் சமைக்க வைத்துப் பழகியவள், ஓய்வு பெற்றபின் எங்கள் இரண்டு பேருக்கு உலை வைக்கத் திணறினாள். ஒரு வருஷம் வரை தினமும் சோறு மிஞ்சியது.

தோட்டம் என்னுடையது. அடுப்படி அவளுடையது. தூதுவளையும் முடக்கத்தானும் வல்லாரையும் கற்பூரவல்லியும் நான் மருந்துக்காக வளர்த்தேன். அவள் அவற்றை ருசிக்காகப் பறித்தாள். இதில் எங்களுக்குள் ஓயாத வழக்கு. இருமலுக்கென்று நான் பார்த்துப் பார்த்து விட்டிருந்த கற்பூரவல்லி இலையை, மழை பெய்த ஒரு சாயங்காலம் மொத்தமாகக் கிள்ளி பஜ்ஜி போட்டுவிட்டாள். நான் சத்தம் போட்டேன்.

"இப்பவும் நெஞ்சுக்குள்ளதான போகுது? இருமல் வந்தா அங்கன இருந்து பாத்துக்கிடும்," என்றாள்.

மருந்து என்று சொல்லி எதை நீட்டினாலும் அவளுக்குப் பிடிக்காது. "வாய் கேக்காததை வயித்துக்குத் தள்ளக் கூடாது" என்பாள். பிரண்டையை எலும்புக்கு நல்லது என்று நான் சொன்னால், நல்லெண்ணெயில் வதக்கி, புளியும் மிளகாய் வத்தலும் தாராளமாக வைத்துத் துவையல் அரைத்து, "இது சோத்துக்கு நல்லது" என்று தட்டில் வைப்பாள்.

காமாலைக்கு மருந்து கொடுப்பவள் என்ற பேர் எனக்கு வந்தது தற்செயலாக. பாளையங்கோட்டையில் கல்லூரி விடுதியில் படித்தபோது எனக்குக் காமாலை வந்தது. வீட்டுக்கு வந்து கீழாநெல்லி அரைத்து மோரில் குடித்தேன். ஒரு மாதத்தில் சரியானது. வேலைக்கு வந்த பிறகு தெருவில் ஒருவருக்குக் கொடுத்தேன். அவர் இன்னொருவரிடம் சொன்னார். பத்துப் பதினைந்து வருஷத்தில் இருபது பேருக்குக் குறையாது. காசு வாங்கியதில்லை. "டீச்சர் படிச்சவ, செடி மாத்திப் பிடுங்க மாட்டா" என்பதுதான் அவர்களுடைய நம்பிக்கை. அது உண்மைதான். அச்சு அசலாக அதைப்போலவே இருக்கும் இன்னொரு செடியையும் அதையும் ஆயிரத்தில் பிரித்துச் சொல்வேன். செடியைத் தெரிந்தவளுக்கு நோயும் தெரியும் என்று அவர்கள் நினைத்தார்கள். நானும் நினைத்தேன். வந்த இருபது பேருமே எழுந்து நடந்துவிட்டார்கள் அல்லவா.

பெரும்பாலான காமாலை தண்ணீரால் வருவது, ஓய்வெடுத்தால் தானாகவே இறங்குவது. இது பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே இருக்கிறது. அடுத்த வகுப்பில் விலங்கியல் டீச்சர் அதை நடத்தும் சத்தம் என் வகுப்பில் கேட்கும்.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மருந்து ஆரம்பித்தேன். விடிந்ததும் செடியை வேரோடு பிடுங்கிக் கழுவி, நெல்லிக்காய் அளவு அரைத்து, எருமை மோரில் கலக்கிக் கொடுப்பேன். உப்பு, புளி, எண்ணெய் கிடையாது. மோர்ச் சோறு, வெந்த காய். அக்கா முதல் நாள் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். இரண்டாம் நாளிலிருந்து சுளிக்கவில்லை. டம்ளரை வாங்கி ஒரே மூச்சில் குடித்து, கவிழ்த்துக் காட்டுவாள். வாழ்நாள் முழுக்க மருந்துக்கு மல்லுக்கட்டியவள் இப்படிச் சொன்னபடி கேட்பது எனக்கு வினோதமாகப் பட்டிருக்கவேண்டும். படவில்லை.

இரண்டாவது வாரம் உடம்பெல்லாம் அரித்தது. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினேன். அடங்கவில்லை. முழங்கையைச் சொறிந்து ரத்தம் வரவைத்துக்கொண்டாள். மஞ்சள் இறங்குவதற்குப் பதில் கூடியது. பித்தம் வெளியேறும்போது அப்படித்தான் இருக்கும் என்று சொன்னேன். யார் எனக்கு அப்படிச் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. சொல்லிப் பார்த்தேன், சரியாக இருப்பதுபோல் கேட்டது.

அக்காவுக்குக் காமாலை என்று கேள்விப்பட்டு, பள்ளிக்கூடத்தில் விலங்கியல் டீச்சர் ஒரு நாள் கேட்டார். "ஒரு ரத்தப் பரிசோதனை பண்ணிப் பாத்திருக்கலாமே டீச்சர்?"

"இன்னும் ஒரு வாரம் பாப்போம்," என்றேன்.

மூன்றாவது வாரக் கடைசியில் ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். அக்கா அடுப்படித் தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் கட்டியிருந்த சேலை இடுப்பில் நிற்காமல் பாவாடை நாடாவில் சுருட்டிச் செருகியிருந்தது. அவ்வளவு இளைத்திருந்தாள். தினமும் பார்க்கிற கண்ணுக்கு அன்றுதான் அது தெரிந்தது.

"ஏட்டி, ஒண்ணு சொன்னா கோவிக்க மாட்டியே?"

"சொல்லுக்கா."

"வெளிக்குப் போறது வெள்ளையாப் போகுது. சுண்ணாம்பு மாதிரி."

"எத்தனை நாளா?"

அவள் சேலை முந்தானையை மடித்து மடித்துப் பிரித்தாள். "பதினஞ்சு நாளு இருக்கும்."

பித்தநீர் குடலுக்கு வரவில்லை என்றால் மலத்துக்கு நிறம் இராது. எங்கேயோ அடைத்திருக்கிறது. அடைப்பை எந்தச் செடி திறக்கும்? இந்த ஒரு கேள்வியை முதல் வாரமே கேட்டிருக்கலாம். கண்ணைப் பார்த்தேன், நகத்தைப் பார்த்தேன், இதைக் கேட்கவில்லை. இருபது பேரில் ஒருவரிடமும் கேட்டதில்லை.

மறுநாள் காலை காரை வரச் சொல்லிப் பாளையங்கோட்டைக்குப் போனோம். பாதி வழி வரை அக்கா ஜன்னல் பக்கம் நெல் வயலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு என் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டாள்.

ரத்தம் எடுத்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். அன்று பிற்பகலே இன்னொரு பெரிய ஸ்கேனுக்குள் தள்ளினார்கள். டாக்டர் சின்ன வயதுப் பெண். என் மாணவியாக இருந்திருக்கக்கூடிய வயது. என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

"வேற ஏதாவது மருந்து கொடுத்தீங்களாம்மா?"

"கீழாநெல்லி. மூணு வாரம்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் தலையை அசைத்துக் குறித்துக்கொண்டார். பிறகு கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பி, பேனா முனையால் ஓர் இடத்தைக் காட்டினார். கணையத்தின் தலைப் பக்கம் கட்டி. அது பித்தக் குழாயை நெரிக்கிறது. பக்கத்தில் ஓடும் ரத்தக் குழாயையும் சுற்றிப் பிடித்துவிட்டது. அறுத்து எடுக்க முடியாது. அடைப்புக்குள் ஒரு சின்னக் குழாய் வைத்தால் மஞ்சள் இறங்கும், அரிப்பு நிற்கும், கொஞ்சம் சாப்பிட முடியும்.

"மூணு வாரத்துக்கு முன்னால கூட்டிட்டு வந்திருந்தா?"

அவர் திரையை மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் பேசினார். அதற்காக இன்றும் அவரை மதிக்கிறேன்.

"உறுதியா யாரும் சொல்ல முடியாதும்மா. இந்தக் கட்டி மூணு வாரத்துல வந்தது இல்ல. பெரிய வித்தியாசம் இருந்திருக்காதுன்னுதான் நினைக்கேன்."

நினைக்கேன் என்ற அந்தச் சொல்லை நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அக்காவிடம் எதையும் மறைக்கவில்லை. மறைத்தால் அவள் கண்டுபிடித்துவிடுவாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து முழுதும் கேட்டாள். கேட்டு முடித்துவிட்டு, "இனி உப்புப் போட்டுத் திங்கலாமா?" என்றாள்.

"திங்கலாம்."

"புளி?"

"எல்லாம் திங்கலாம்க்கா."

"அப்ப சரி," என்று படுத்துக்கொண்டாள். சுவர்ப் பக்கம் திரும்பிய பிறகு அவள் தோள் குலுங்கியதைப் பார்த்தேன். தொடப் போன என் கையை அவள் பிடித்துத் தன் கன்னத்தின் அடியில் வைத்துக்கொண்டாள்.

குழாய் வைத்த பத்து நாளில் கண் வெளுத்தது. நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டேன். ஆனால் எனக்குச் சமைக்கத் தெரியாது. ஐம்பத்து மூன்று வயதில், எந்தச் செடி எந்தக் குடும்பம் என்று தூக்கத்திலும் சொல்லக்கூடியவளுக்கு, ரசத்துக்கு எப்போது கொத்தமல்லி கிள்ளிப் போடவேண்டும் என்று தெரியவில்லை. முதல் நாள் வைத்த தூதுவளை ரசத்தில் முள்ளைக்கூடச் சரியாக எடுக்கவில்லை. அக்கா ஒரு வாய் குடித்தாள். நாக்கிலிருந்து ஒரு முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்தாள்.

"இலை எல்லாத்தையும் பாடத்துல நடத்திட்டே. இந்த முள்ளை மட்டும் விட்டுட்டியே."

இரண்டு பேரும் சிரித்தோம். அந்த மாதங்களில் நாங்கள் சிரிக்காமல் இல்லை.

கட்டி வளராமலிருக்க ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றிவிட்டு வந்தால் ஒரு வாரம் அவளுக்கு நாக்கு செத்துவிடும். எதை வைத்தாலும் மண்ணைப்போல் இருக்கிறது என்பாள். ஒரு நாள், வேப்பிலைக்கட்டி வேண்டும் என்று கேட்டாள். பேர்தான் அப்படி, அதில் வேப்பிலை கிடையாது. கொழுந்து நார்த்தை இலையை நரம்பு நீக்கி, வத்தல், பெருங்காயம், ஓமம், புளி, உப்பு சேர்த்து இடித்து உருட்டுவது. நார்த்தை மரம் எங்கள் தோட்டத்து மூலையில் நின்றது. நான் அதை மருந்துக் கணக்கில் சேர்த்ததே இல்லை. இலையைப் பறித்து நரம்பு கிழித்து உரலில் போட்டு இடித்தேன். கை காய்த்துப்போனது. அக்கா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வாசனை பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரு கிள்ளு எடுத்து நாக்கில் வைத்தாள். கண்ணை மூடினாள். "உறைக்கி," என்றாள். "ஏட்டி, உறைக்கி." அதைச் சொல்லும்போது அவளுக்குக் கண்ணீர் வந்தது. அன்று ஒரு கிண்ணம் மோர்ச் சோறு முழுதும் சாப்பிட்டாள். மருந்து என்று நான் கொடுத்த எதற்கும் இப்படி ஒரு முகத்தை அவள் காட்டியதில்லை.

நோய் தெரிந்ததும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வந்தவர்கள் சும்மா வரவில்லை. ஆளுக்கொரு இலையோடு வந்தார்கள். நாங்குநேரியிலிருந்து எங்கள் சித்தப்பா மகன், எங்களுக்கு அண்ணன், ஒரு சாக்கு நிறைய முள்சீத்தா இலை கொண்டுவந்து இறக்கினார்.

"இதைக் கஷாயம் வச்சுக் கொடு. மதுரையில ஒருத்தருக்கு இதுலேயே கட்டி கரைஞ்சு போச்சாம். போன்ல வந்திருக்கு, பாரு."

"வேண்டாம்ணே."

"இலைதானே, என்ன கெடுதல் பண்ணப் போகுது?"

அந்தச் சொல்லை நான் எத்தனை வீட்டு வாசலில் சொல்லியிருக்கிறேன். எனக்கு ஆத்திரம் வந்தது. "என்ன கெடுதல் பண்ணும்னு எனக்குத் தெரியும்ணே. தயவுசெஞ்சு எடுத்துட்டுப் போயிருங்க," என்று கத்திவிட்டேன். அண்ணன் முகம் சுண்டிப்போனது. நல்ல மனிதர். எங்கோ ஒரு மரத்தைத் தேடி, ஏறிப் பறித்து, இரண்டு பஸ் மாறிச் சுமந்து வந்தவர். காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

அவர் போனதும் அக்கா உள்ளேயிருந்து கூப்பிட்டாள். "எதுக்கு அவனை வெரட்டுதே? நீ ஊருக்குச் செஞ்சதைத்தான அவன் நமக்குச் செய்ய வந்தான்?"

அதுவரை கேட்காமல் வைத்திருந்ததை அன்று கேட்டேன். அவள் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டு, முகத்தைப் பார்க்காமல் கேட்டேன்.

"அக்கா, நான்தான் உன்னைக் கெடுத்துட்டேனா?"

வெளியே யாரோ மாட்டை ஆற்றுக்கு ஓட்டிப் போகும் சத்தம் கேட்டது.

"உனக்கு ஒண்ணு தெரியுமா? நீ கண்ணைப் பாத்தியே அந்தச் சனிக்கிழமை, அதுக்கு முந்தியே எனக்குத் தெரியும். முதுகுக்குள்ள ஒரு வலி. ரெண்டு மாசமா. சோறு இறங்கல. பாவாடை நாடாவை ரெண்டு முடிச்சு உள்ள தள்ளிக் கட்டினேன். என்னமோ பெருசா இருக்குன்னு தெரிஞ்சு போச்சு."

"ஏன் சொல்லல?"

"பயம். ஆஸ்பத்திரிக்குப் போனா பேரைச் சொல்லிருவாவ. பேரு தெரியாத வரைக்கும் அது இல்லைன்னு ஒரு நினைப்பு. நீ காமாலைன்னு சொன்னே. எனக்கு எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா? உன் மருந்துக்குப் பின்னால போய் ஒளிஞ்சுக்கிட்டேன். அந்தக் கசப்பை நான் எதுக்குச் சத்தமில்லாமக் குடிச்சேன்னு நினைக்கே?"

நான் அவள் காலில் போர்வையை இழுத்துவிட்டேன்.

"வெள்ளையாப் போகுதுன்னு பதினஞ்சு நாள் உன்கிட்ட மறைச்சேன். அதை எங்கன கொண்டு எழுதுவே, உன் தப்புலயா என் தப்புலயா?"

அவள் என்னை மன்னிக்கவில்லை. மன்னிக்க ஒன்றுமில்லை என்றும் சொல்லவில்லை. தன் பங்கை எடுத்துக்கொண்டாள். என் பங்கு என்னிடம் இருந்தது. அதற்குப் பிறகு நாங்கள் இதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவளுக்கு எங்கே வலிக்கிறது, எவ்வளவு வலிக்கிறது என்று கேட்டால் உள்ளபடி சொன்னாள். நானும் கேட்கப் பழகினேன். எங்கள் வாழ்வில் அது புதிது. இருபது வருஷம் ஒரே வீட்டில் ருசியைப் பற்றியும் செடியைப் பற்றியும் சண்டை போட்டிருக்கிறோம். உடம்பைப் பற்றிப் பேசியதில்லை.

கார்த்திகை மாதத்தில் மழை விடாமல் பெய்தது. ஆற்றில் செந்தண்ணீர் படித்துறையின் மேல்படி வரை வந்து நின்றது. அக்கா படுத்த படுக்கையாகிவிட்டாள். டாக்டர் சொல்லியபடி வலிக்கு மாத்திரையும், பிறகு தோலில் ஒட்டும் மருந்தும் கொடுத்தேன். ஒரு காலையில் அவளுக்கு வாய் துடைத்துவிட வெந்நீர் வைத்து, அதில் இரண்டு புதினா இலை கிள்ளிப் போட்டிருந்தேன். துணியை நனைத்து உதட்டில் ஒற்றினேன். நாக்கை லேசாக நீட்டி நக்கினாள். "நல்லாருக்கு," என்றாள். துணியைப் பிழிந்துவிட்டுத் திரும்பியபோது மூச்சு மாறியிருந்தது. கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். மழை கொஞ்சம் விட்டது. ஒரு மணி நேரம் இருக்கும். அவ்வளவுதான்.

நாங்குநேரி அண்ணன்தான் வந்து எல்லாவற்றையும் பார்த்தார். கொள்ளி வைத்தார். முள்சீத்தா பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டபோது, "விடு தாயி," என்று தலையில் கை வைத்தார்.

பதினாறாம் நாள் கழிந்ததும் நான் ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு சுவரோரம் போனேன். கீழாநெல்லியை ஒன்று விடாமல் பிடுங்கி எறிந்தேன். மழை ஈரத்தில் வேர் சுலபமாக வந்தது. அடுத்த மாதம் அதே இடத்தில் மறுபடி முளைத்து நின்றது. விதை மண்ணில் கிடக்கிறது. எனக்கு அது தெரியும். மறுபடி பிடுங்கவில்லை. செடியின் மேல் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது? அது வயல் வரப்பிலும் சாக்கடை ஓரத்திலும் தன்பாட்டுக்கு முளைக்கிறது. இன்ன நோய்க்கு நான் மருந்து என்று அது யாரிடமும் போய்ச் சொல்லவில்லை.

பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினேன். சமையலும் கொஞ்சம் வந்தது. ஒரு கோடை விடுமுறையில், இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கும் லாத்தா ஒருவர் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் வீட்டுக்காரர் சவூதியில் இருக்கிறார். மகள் கல்லூரியில் முதல் வருஷம். பிள்ளைக்குக் கண் நல்ல மஞ்சள்.

"டீச்சரம்மா, நாலு வருஷம் முந்தி எங்க மாமிக்கு நீங்கதான் கொடுத்தீங்க. அல்லா கிருபையால சரியாப் போச்சு. இவளுக்கும் ஒரு வாரம் கொடுங்க."

"நான் இப்பக் கொடுக்கிறதில்ல லாத்தா."

"செடி இல்லையா? அந்தா நிக்கே?" சுவரோரம் கையைக் காட்டினார்.

"செடி இருக்கு. முதல்ல ரத்தம் பாக்கணும். டாக்டர்கிட்டக் காட்டணும்."

லாத்தாவின் முகம் மாறியது. இல்லை என்பதற்கு நான் சாக்குச் சொல்வதாக அவருக்குப் பட்டது. "ஆம்பள இல்லாத வீடு டீச்சரம்மா. நான் எங்கன போய் யார்கிட்டக் கேப்பேன்? அதுக்குத்தானே உங்ககிட்ட வந்தேன்." பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பப் பார்த்தார்.

அவர்கள் கதவு வரை போன பிறகு எனக்கு ஒன்று உறைத்தது. கொடுக்கமாட்டேன் என்று சொல்வது எனக்குச் சுலபம். என் கை சுத்தமாகிவிடும். அவர் போகிற வழியில் வரப்பில் நிற்கும் ஏதோ ஒரு செடியைப் பிடுங்கி, அது சரியான செடிதானா என்றுகூடத் தெரியாமல் அரைத்துக் கொடுப்பார்.

"நில்லுங்க லாத்தா. நானும் வாரேன்," என்றேன்.

மூன்று பேரும் பஸ் ஏறினோம். போகும் வழியிலேயே அந்தப் பிள்ளையிடம் காதோடு கேட்கவேண்டியதையெல்லாம் கேட்டேன். முதுகு வலி உண்டா, அரிப்பு உண்டா, வெளிக்கு எந்த நிறத்தில் போகிறது. பிள்ளைக்கு வெட்கம். அம்மாவைப் பார்த்துப் பார்த்துப் பதில் சொன்னாள். காய்ச்சலில் ஆரம்பித்ததாம். விடுதியில் இன்னும் நாலு பேருக்கு இருக்கிறதாம். எனக்குப் பாதி நிம்மதி வந்தது. ஆனால் இந்தப் பாதியை நம்பக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

டாக்டர் பார்த்து ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். முடிவு வர இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பிள்ளை அம்மாவின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

"உங்களுக்கு எவ்வளவோ சோலி இருக்கும். எதுக்கு டீச்சரம்மா எங்ககூட இழுபடுதீங்க?" என்றார் லாத்தா.

நான் அக்காவைப் பற்றிச் சொன்னேன். ஊரில் அவள் இறந்தது எல்லாருக்கும் தெரியும். மூன்று வாரம் நான் கொடுத்த மருந்து பற்றி யாருக்கும் தெரியாது. டாக்டரைத் தவிர, முதன்முதலாக அதை இன்னொரு ஆளிடம், ஆஸ்பத்திரி பெஞ்சில், ஃபினாயில் நெடியில் வைத்துச் சொன்னேன். கறிவேப்பிலை பறித்த காலையிலிருந்து ஆரம்பித்து அவள் ஒளிந்துகொண்டது வரை சொன்னேன். லாத்தா ஆறுதல் சொல்லவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, உதட்டுக்குள் எதையோ ஓதினார். பிறகு தன் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்து என்னிடம் நீட்டினார்.

முடிவு வந்தது. தண்ணீரால் வந்த சாதாரணக் காமாலை. ஓய்வு, கொதிக்க வைத்த தண்ணீர், நல்ல சாப்பாடு. ஒரு வாரம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்கவேண்டும். டாக்டரிடம் லாத்தா நேராகவே கேட்டார். "கீழாநெல்லி கொடுக்கலாமாம்மா?"

"இப்ப எதுவும் வேண்டாம்மா. ஈரலுக்கு ஓய்வு கொடுங்க. தானா இறங்கும்," என்றார் டாக்டர்.

லாத்தா என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன்.

அடுத்த இரண்டு வாரமும் அந்த வீட்டுக்கு நான் ஏதாவது சமைத்துக் கொண்டுபோனேன். பிள்ளைக்குச் சோற்றைக் கண்டாலே குமட்டியது. மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பால் விட்டுச் செய்துபோனால் கொஞ்சம் இறங்கியது. பருப்பும் கறிவேப்பிலையும் வறுத்த பொடியைத் தொட்டு இட்லி தின்றாள். இது மருந்தா சாப்பாடா என்று லாத்தா கேட்டார். சாப்பாடுதான் என்றேன். இரண்டாவது ரத்தப் பரிசோதனையில் பாதிக்கு மேல் இறங்கியிருந்தது. ஆடி பிறப்பதற்குள் பிள்ளை விடுதிக்குத் திரும்பிவிட்டாள்.

இப்போதும் ஆட்கள் வருகிறார்கள். சளிக்கும் தொண்டைக்கும் கேட்டால் கற்பூரவல்லியும் துளசியும் தருகிறேன், மூன்று நாளில் அடங்காவிட்டால் டாக்டரிடம் போகச் சொல்லித் தருகிறேன். கண் மஞ்சள் என்று வந்தால் செருப்பை மாட்டிக்கொள்கிறேன். சிலர் என்னோடு பஸ் ஏறுகிறார்கள். சிலர் டீச்சருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று வேறு ஆளைத் தேடிப் போகிறார்கள். போன தை மாதம் ரைஸ்மில் வேலைக்காரர் ஒருவருக்கு, நான் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்ததில், பித்தக் குழாயில் கல் அடைத்திருப்பது தெரிந்து சரியான நேரத்தில் எடுத்தார்கள். அவர் பிழைத்தது அக்காவுக்கு ஈடாகாது. ஈடு என்று ஒன்று இருப்பதாகவும் நான் நினைக்கவில்லை. அவர் பிழைத்தார், வேலைக்குப் போகிறார், பஜாரில் பார்த்தால் சைக்கிளை விட்டு இறங்கி, "டீச்சர், சௌக்கியமா?" என்று கேட்கிறார். இருக்கேன் என்று சொல்கிறேன்.